மாஸ்டரின் மூன்றாம் வரிசை

நம் பள்ளியின் பாண்ட் மாஸ்டர் காலமான செய்தி என் கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் கப்பல் அலாஸ்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள கெச்சிகன் துறையில் கட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 150 அங்குல மழை பெய்யும் ஊர் அது, அன்றும் பெய்தது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். அவருடைய செல்லப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளத் தகுந்தவர்கள் நம் பழைய மாணவர் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நானோ அவரால் மூன்றாம் வரிசைக்கு அனுப்பப்பட்டு, பள்ளியை விட்டு விலகும் வரை அங்கேயே இருத்தப்பட்டவன்.

அந்த ஒத்திகையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பரிசளிப்பு விழாவுக்கு முந்திய வாரம், மேல்வகுப்பு முழுவதும் மண்டபத்தில் அமர்ந்திருக்க, எனக்குக் கிடைத்திருந்த சிறு தனிவாசிப்பை நான் தாளைப் பாராமல், சங்கீத வகுப்பின் வாசலில் நின்று கேட்டுப் பொறுக்கிய கமகம் ஒன்றிரண்டையும் சேர்த்து, கிளாரினெட்டில் வாசித்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து கைதட்டல்கூட எழுந்தது. மாஸ்டர் கோலைத் தாழ்த்திக் குழு முழுவதையும் நிறுத்தினார். "தாளில் இருப்பதை வாசி, தம்பி. இல்லாததை வீட்டில் போய் வாசி" என்றார். கோபமே இல்லாத குரல் அது. அதனால்தான் அத்தனை பேரும் சிரித்தார்கள். தனிவாசிப்பு வேறொருவனுக்குப் போயிற்று. இல்ல மெய்வல்லுநர் போட்டியின் அணிநடையில் கடைசி வரிசையில் நின்று, எவர் காதிலும் தனியாக விழாத கீழ்ச்சுரங்களை ஊதிய என்னை அவர் திரும்பிப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

மூன்றாம் வரிசைக்காரனுக்கு மெட்டு கிடையாது என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும். மெட்டு கையில் இருந்தால் காதை நம்பிச் சமாளிக்கலாம். இடைநிரப்பும் சுரங்களை ஊகிக்க முடியாது, தாளைத்தான் நம்ப வேண்டும். புதன்கிழமைதோறும் அவர் புதிய இசைத்தாள் ஒன்றைத் தாங்கியில் வைப்பார், நாலு எண்ணுவார், தொடங்குவார். யாராவது தடுக்கி விழுந்தால் நிறுத்தமாட்டார். விழுந்தவன் ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டும். அதை அப்போது கொடுமை என்றே பேசிக்கொண்டோம்.

கப்பலில் என் தொழில் ஏறக்குறைய அந்தப் புதன்கிழமைதான். அரங்க இசைக்குழுவில் சாக்சபோனும் கிளாரினெட்டும் வாசிக்கிறேன். நிறுவனத்தின் சொந்த ஆடல்பாடல் நிகழ்ச்சிகளைக் காதுக்குள் ஒலிக்கும் 'கிளிக்' என்னும் தாள ஒலியோடு ஒட்டி வாசிப்பது பழகிவிட்டால் எளிது. சோதனை, விருந்தினர் பாடகர் கப்பலேறும் நாளில் வரும். பல கைகள் பட்டுக் கசங்கிய தாள்களின் கட்டொன்றை அவர் பிற்பகலில் விநியோகிப்பார். 'இங்கே வெட்டு', 'இரண்டாம் முறை மட்டும்' என்று முன்னெப்போதோ யாரோ பென்சிலால் எழுதியவை அவற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஒரே ஒத்திகை, அன்றிரவே இரண்டு காட்சிகள். என்னைவிடக் கற்பனை வளம் மிகுந்த வாத்தியக்காரர்கள் அந்தத் தாள்களின் முன் வியர்த்து, ஒப்பந்தம் முடியுமுன்னே இறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நான் நிலைத்ததற்கு என் திறமை காரணமில்லை.

வெளியே உலகத்தின் அழகெல்லாம் கடந்து போய்க்கொண்டிருக்கும் என்பதே இந்த வேலையின் வேடிக்கை. மே முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில், சியாட்டிலிலிருந்து புறப்பட்டுத் தீவுகளுக்கும் மலைகளுக்கும் இடையே வடக்கே ஏறும் வழியில், ஜூன் மாத இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நாங்களோ சன்னலற்ற அரங்கில், பயணிகளின் இளமைக்காலப் பாடல்களை வாசித்துக்கொண்டிருப்போம். இருவர் பகிரும் என் அறைக்கும் சன்னல் இல்லை. ஆனாலும் சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் நாள் முழுதும் நிற்பவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் சுகவாசிகள்தான்; அவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையிலேயே அது தெரியும். பயணிகளின் பகுதியில் நடமாட எங்களுக்கு அனுமதி உண்டு, சட்டையில் பெயர்ப்பட்டை இருக்க வேண்டும். பெயருக்குக் கீழே, நான் விட்டுவந்த நாட்டின் பெயர். அதை வாசித்துவிட்டு, அங்கே எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று மின்தூக்கியில் அன்போடு விசாரிக்கும் மூதாட்டிகளுக்குச் சொல்ல ஒரு பதிலை வைத்திருக்கிறேன். ஆண்டுகள் பல ஆகியும் அந்தப் பதில் மாறவில்லை.

மாஸ்டரை நான் அதிகம் நினைத்தது கிளேசியர் பே என்னும் பனிப்பாறை வளைகுடாவில்தான். 1794இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழுவினர் அவ்வழியே வந்தபோது வளைகுடாவின் வாயிலையே பனி அடைத்திருந்தது. இன்று மார்ஜரி பனிப்பாறையைக் காண ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. பூங்காக் காவலர்கள் ஏறி வந்து விளக்கம் சொல்வார்கள். பாறையின் முகப்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நீரில் விழும். தளத்தில் நிற்பவர்கள் அதைக் கண்டு முடித்த பிறகே இடிமுழக்கம் வந்து சேரும். அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை நொடி தாமதம். முதல் முறை அதைக் கேட்டபோது, தாளத்துக்குப் பிந்தி நுழைகிறவனைக் கண்டு அவர் கோலால் தாங்கியைத் தட்டும் சத்தத்துக்காக என் தோள் தானாகவே இறுகிக்கொண்டது.

இன்னொன்றும் அவர் தந்ததுதான். கப்பலறையின் உலர்ந்த காற்றிலிருந்து கெச்சிகன் போன்ற ஊரின் ஈரத்துக்குப் போய்த் திரும்பும் ரீட்டின், அதாவது ஊதுவாயில் பொருத்தும் மெல்லிய நாணற்பட்டையின், நுனி அலையலையாக நெளிந்து, சுரம் பிசிறடிக்கும். நனைத்த ரீட்டை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மட்டமாகக் கிடத்தி, ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கும் வழக்கம் அவருடையது. விளிம்பு தேய்த்த அந்தத் துண்டுகளை அவர் மேசை இழுப்பறையில் கண்டிருப்பீர்கள். உடன் வாசிப்பவர்கள் அதற்கென விற்கும் பெட்டிகளை வாங்குகிறார்கள். நான் கண்ணாடித் துண்டைத்தான் வைத்திருக்கிறேன்.

பயணத்தின் கடைசி மாலை விக்டோரியாவில் கழியும். அமெரிக்கத் துறையில் தொடங்கி அங்கேயே முடியும் பயணத்தில் வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் இடையில் பிற நாட்டுத் துறையொன்றைத் தொட்டாக வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. கனடாவின் அந்த அழகிய ஊர் எங்களுக்கு அவ்வகையில் ஒரு சடங்கு. பயணிகளில் பாதிப்பேர் கரையில் இருக்க, பாதி காலியான அரங்குக்கு வாசிப்போம். செய்தி வந்த அந்த வாரம் அங்கே வாசித்தபோது, தாளில் இருந்ததை மட்டும், ஒரு சுரம் கூடாமல் குறையாமல் வாசித்தேன். அஞ்சலி என்று நினைத்துத்தான் செய்தேன். பிறகு யோசித்தால், எல்லா இரவும் அப்படித்தான் வாசிக்கிறேன். அந்தக் கமகங்களை வீட்டில் போய் வாசிக்கச் சொன்னாரே, அந்த வீடு எனக்கு வாய்க்கவேயில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது பாண்டைப் பொறுப்பேற்க ஆள் தேடி நம் சங்கம் எனக்கும் கடிதம் எழுதியது. மாஸ்டரே என் பெயரைச் சொன்னதாக அதில் ஒரு வரி இருந்தது. வேறு யாரை எண்ணினாலும் என்னை எண்ணியிருப்பார் என்று நான் நினைத்ததில்லை. அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். அடுத்த ஒப்பந்தம் முடியட்டும் என்று பதில் எழுதினேன். அதற்கடுத்த ஒப்பந்தத்திலும் அப்போதே கையெழுத்திட்டிருந்தேன்.