பானட்டுக்குள் ட்யூப்லைட் நேராகிவிட்டது

நேற்று ராத்திரி பத்தரை மணி. நங்கநல்லூர் வீட்டு கார் பார்க்கிங்கில் ஃபோர்டு ஐகான் காரின் பானட்டைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். மேலே எரிகிற ட்யூப்லைட் பானட்டுக்குள் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி நேராகக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதே லைட், அதே இடத்தில், குளத்தில் விழுந்த நிழல் போல நெளிந்து கிடந்தது. மாடிக்கு ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். "நல்லாதாங்க இருக்கு. பகல்லயும் இப்படியே இருக்குமா?" என்றாள். காலையில் வண்டியை வெயிலில் நிறுத்தியும் பார்த்தாயிற்று. ஒரு மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அந்த மூலைக்குப் பிறகு வருகிறேன்.

வண்டி 2005 மாடல், கருப்பு. நம்ம மறைமலை நகரில் தயாரானது. அப்பா வாங்கியது என்பதால் விற்க மனசில்லை. போன ஐப்பசி மழையில் தென்னை மட்டை விழுந்து பானட் நசுங்கிவிட்டது. டிங்கரிங் செய்து, பட்டி போட்டு, பானட் முழுக்கப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். அடித்த இடத்தில் பூத் (தூசி புகாத பெயின்ட் அறை) கிடையாது, தகரக் கொட்டகைதான். கலர் மேட்ச் அருமை, குறை சொல்லவே முடியாது. ஆனால் கலருக்கு மேலே அடித்த கிளியர், அதாவது நிறமில்லாத மேல் பூச்சு, முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. அங்கங்கே கடுகு மாதிரி தூசி வேறு. பானட்டோடு சேர்த்து அடித்த இடது ஃபெண்டரில் ஒரு விரல் நீளத்துக்கு வழிசல். கேட்டால், "கம்பெனி பெயின்ட்லயே கொஞ்சம் இருக்கும் சார்" என்றார்கள். அது உண்மைதான், ஃபேக்டரி பெயின்டிலும் ஆரஞ்சுத் தோல் உண்டு. ஆனால் கதவுக்கும் பானட்டுக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) கிளியரை நானே தேய்த்துச் சமமாக்குவது என்று முடிவு செய்தேன். பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் பெயின்ட் தடிமன் மீட்டர் வாங்கியது. கூரையில் வைத்தால் 108லிருந்து 121 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை காட்டியது. அது ஃபேக்டரி பெயின்ட். பானட்டில் 240லிருந்து 265. பழைய பெயின்டுக்கு மேலேயே அடித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. மட்டை விழுந்த இடத்தில் மட்டும் 700ஐத் தாண்டியது. அதைப் பார்த்து "இங்கே நிறைய இருக்கிறது, நன்றாகத் தேய்க்கலாம்" என்று நினைத்தால் தொலைந்தோம். அந்த 700இல் பெரும்பங்கு பட்டி. மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், அதில் கிளியர் எவ்வளவு என்று சொல்லாது. எனவே பெயின்டரிடமே கேட்டேன். மூன்று கோட் கிளியர் என்றார். அந்த ஒரு பதிலை நம்பித்தான் இறங்கினேன். கிளியர்தான் வெயிலைத் தாங்குகிறது. அதை மெலிதாக்கிவிட்டால் இன்றைக்குப் பளபளப்பாக இருக்கும், சென்னைக் கத்திரியில் ஓரிரு வருஷத்தில் வெளிறி உரியத் தொடங்கும்.

முதலில் புதுப்பேட்டையில் 400 ரூபாய்க்கு ஒரு பழைய ஃபெண்டர் வாங்கிவந்து பழகினேன். மூன்று நாள் அதில்தான் வேலை. முதல் நாளே ஓர விளிம்பில் கிளியரைத் தாண்டி, கலரையும் தாண்டி, பிரைமர் தெரிந்துவிட்டது. முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டையான இடத்தில் கை கொடுக்கிற அழுத்தம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது. விளிம்பில் அதே அழுத்தம் ஒரு நூல் அகலத்தில் இறங்குகிறது. அன்றிலிருந்து எல்லா விளிம்புக்கும், பானட்டின் நடுவே ஓடுகிற இரண்டு மடிப்புக்கும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டாமல் பேப்பரை எடுப்பதில்லை.

டேப் பற்றி ஒரு விஷயம் படித்தேன். வாட்டர் பேப்பரும் மாஸ்கிங் டேப்பும் ஒரே கம்பெனியில், அடுத்தடுத்துப் பிறந்தவை. தண்ணீரில் ஊறினாலும் கெடாத பேப்பரை 3எம் 1921இல் கொண்டுவந்தது. அந்தப் பேப்பரைச் சோதித்துப் பார்க்க ஒரு கார் பெயின்ட் பட்டறைக்குப் போன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, இரண்டு கலர் அடிக்கும் பெயின்டர்கள் ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து உரிவதைப் பார்த்திருக்கிறார். அதற்குத் தீர்வாக 1925இல் அவர் கண்டுபிடித்ததுதான் மாஸ்கிங் டேப். நூறு வருஷம் கழித்து நான் அந்த இரண்டையும் ஒரே பானட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

பேப்பர் வாங்கும்போது நம்பருக்கு முன்னால் "பி" என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியக் கணக்கில் பி 1500 என்றால் துகள் சராசரி 12.6 மைக்ரான், பி 2000 என்றால் 10.3, பி 2500 என்றால் 8.4. பழைய அமெரிக்கக் கணக்கில் "பி" இருக்காது. அதில் வெறும் 800 என்பதே ஏறக்குறைய நம்ம பி 1500க்குச் சமம். அதாவது இரண்டு பாக்கெட்டிலும் 800 என்று போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டையும் கலந்தே ஒரே டப்பாவில் வைத்திருந்தார். கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். பாக்கெட்டை நானே புரட்டிப் பார்த்து எடுத்துவந்தேன். கருப்பாக இருக்கிற அந்தத் துகள் சிலிக்கான் கார்பைடு. 1891இல் அதைச் செய்த அமெரிக்கர் எட்வர்ட் அச்சன் வைத்த பெயர் கார்போரண்டம். நம்ம ஊர் கார்போரண்டம் யுனிவர்சல் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். 1954இலிருந்து இருக்கிற கம்பெனி.

பேப்பரை முந்தின ராத்திரியே, ஒரு சொட்டு கார் ஷாம்பூ விட்ட தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊறாத பேப்பரின் மூலை விறைப்பாக நின்று அரிவாள் மாதிரி கீறும். கையில் பிடிக்கும் முறையைப் பழைய ஃபெண்டர் வாங்கிய கடைக்குப் பக்கத்தில் பெயின்ட் வேலை செய்கிற பாய் சொல்லிக்கொடுத்தார். நான் விரலால் அழுத்துவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வெரல் வெச்சு தேக்காத. வெரல் வெரலா பள்ளம் வுழும். கட்டை வெச்சுக்க. கட்டை மேல கைய சும்மா வெய்யி, அமுக்காத" என்றார். ஒரு ரப்பர் கட்டையைக் கையில் கொடுத்து, அவரே பத்து இழுப்பு இழுத்துக் காட்டினார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தோம்.

இனி நான் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். தேய்ப்பது சுலபம். போதும் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஆரஞ்சுத் தோல் என்பது குட்டிக் குட்டி மேடும் பள்ளமும். பேப்பர் மேட்டின் உச்சியை மட்டும் வெட்டும். வெட்டிய இடம் மங்கலாகும், பள்ளம் பளபளப்பாகவே இருக்கும். மங்கலுக்கு நடுவே மினுக்குகிற புள்ளிகள் குறையக் குறையப் பரப்பு சமமாகிறது என்று அர்த்தம். கேட்க எளிது. ஆனால் தண்ணீர் இருக்கும்வரை எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். பானட்டில் ஒரு மெல்லிய ஈரப்படலம் இருந்தாலே போதும், கண் ஏமாந்துவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ஈரத்தைப் பார்த்துக்கொண்டேதான் தேய்த்தேன். முடிந்தது என்று நினைத்துக் காயவிட்டால், ஒரு பக்கம் பாதிகூட ஆகவில்லை, இன்னொரு பக்கம் தேவைக்கு மேல் போயிருந்தது.

துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டுகிறது, ஈரமும் முழுசாகப் போவதில்லை. இதற்குத் தீர்வு கண்ணாடி துடைக்கிற சிலிக்கான் வைப்பர். பத்து அங்குலம். ஒரே இழுப்பில் தண்ணீர் வழிந்து, பரப்பு நொடியில் உலர்ந்த மாதிரி ஆகிவிடும். வீட்டில் இருந்த பழைய வைப்பரின் ரப்பரில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. அந்த வெட்டு ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு தண்ணீர்க் கோடு விட்டது, அதைக் கீறல் என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். புதுசாக வாங்குங்கள். ரப்பர் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த சாமான் இந்த வைப்பர்தான்.

என் வழக்கம் இப்படி அமைந்தது: உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு ஒரு கட்டம். முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் பன்னிரண்டு இழுப்பு. வைப்பர். செல்போன் டார்ச்சைப் பானட்டோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்துப் பார்ப்பது. மறுபடி பன்னிரண்டு. மினுக்குப் புள்ளிகள் நூற்றுக்குத் தொண்ணூறு போனதும் நிறுத்திவிட்டேன். மிச்சம் இருக்கிற ஆழமான நாலைந்து புள்ளிக்காகத் துரத்திக்கொண்டு போனால், அவற்றைச் சுற்றியுள்ள கிளியர் முழுக்கக் காலி. அடுத்த பேப்பரில் பாதி தானாகப் போய்விடும். மிச்சம் என் கண்ணுக்கு மட்டும் தெரியும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு சோதனை, தேய்த்த தண்ணீரின் நிறம். பால் மாதிரி வெள்ளையாக வரும்வரை வெட்டுவது கிளியரை. கருப்பு கலந்தால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். பயத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தேன்.

ஆரம்பத்தில் பி 2000 போட்டுப் பார்த்தேன். நாற்பது இழுப்புக்குப் பிறகும் பாதிப் புள்ளி அப்படியே. எனவே பி 1500க்கு இறங்கி, பிறகு 2000, 2500, 3000. ஒவ்வொன்றையும் முந்தியதற்குக் குறுக்காக இழுத்தேன், அப்போதுதான் பழைய கோடு மிச்சமிருந்தால் தெரியும். மீட்டரில் பத்து இடம் எடுத்த சராசரி 251 ஆக இருந்தது, முடித்தபோது 243. எட்டு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் இருக்கும். அதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கை எடுக்கத்தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கருப்புப் பானட்டில் காய்ந்தால் வெள்ளை வட்டமாகப் படிந்து, புள்ளிகளைப் பார்க்கவே விடாது. தேய்க்கப் போர் தண்ணீர், கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணியையா சார் ஊத்துறீங்க" என்று வருத்தப்பட்டார். அரை பக்கெட்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

இப்போது அந்த மூலை. கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற வாஷர் நாசிலுக்கு இடப்பக்கம், ஒரு கை அகலம். 2500 போடும்போது பழைய பக்கெட் தண்ணீரையே வைத்துக்கொண்டேன், மாற்றச் சோம்பல். 1500இன் துகள் ஒன்று அதில் இருந்திருக்க வேண்டும். 3000 முடித்து, மைக்ரோஃபைபர் பேடில் காம்பவுண்ட் (பளபளப்பாக்கும் பசை) போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகு பார்த்தால், பன்றி வால் மாதிரி சுருண்ட கீறல்கள் ஏழு. ஆல்கஹால் போடாமல் விட்டிருந்தால் காம்பவுண்டின் எண்ணெய் அவற்றை மறைத்திருக்கும், இரண்டு கழுவலில் வெளியே வந்திருக்கும். அங்கே மீட்டர் 239 காட்டுகிறது. மறுபடி 2000இல் தொடங்க இடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அங்கே இரண்டாவது வாய்ப்புத்தான் உண்டு, மூன்றாவது கிடையாது.

வழிசலுக்கு வேறு திட்டம். அதற்கு ரப்பர் கட்டை மெத்து. பள்ளத்தையும் சேர்த்து வெட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற கெட்டியான அழிரப்பரை நேர் விளிம்பாக வெட்டி, அதில் பேப்பர் சுற்றி, வழிசலின் முதுகை மட்டும் தொடுவதாக உத்தேசம். சுற்றிலும் டேப். பாயிடம் காட்டினேன், "வழிசல் உள்ள இன்னும் முழுசா காயல தம்பி, அங்க தடிப்பு ஜாஸ்தி. ஒரு மாசம் வுடு" என்றார். விட்டுவைத்திருக்கிறேன்.

அதற்குள் ஹெட்லைட் இரண்டும் கண்ணை உறுத்துகின்றன. மஞ்சள் பூத்துவிட்டது. அது பாலிகார்பனேட், அதற்கும் இதே பேப்பர்தான், ஆனால் முடித்தபின் வெயில் தாங்குகிற கிளியர் அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழைய கதி. அந்த கிளியர் விசாரிக்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு கடையில் கேட்டுவிட்டேன், இருவரும் பாலிஷைத்தான் எடுத்து நீட்டினார்கள். யாரிடமாவது சென்னையில் சில்லறையாகக் கிடைக்கிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பானட் சூடாவதற்குள், அந்த மூலை. புது பக்கெட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் 2000 என்றும் இன்னொன்றில் 3000 என்றும் மார்க்கரால் எழுதியாயிற்று.