கட்டைவிரல் மையும் குளிக்க விடாத அருவியும்

ரங்கமணி, அதாவது என் வீட்டுக்காரர், பீரோ மேலிருந்து ரெக்சின் பையை இறக்கினால் எங்கள் வீட்டில் இரண்டு விஷயம் உறுதி. யாருக்கோ எதுவோ காலாவதி ஆகப்போகிறது. நாங்கள் எங்கேயோ ஊர் சுற்றப் போகிறோம்.

சுவிட்சர்லாந்து என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "கொடுத்து வச்சவ" என்றார்கள். நான் இங்கே பார்த்த மலை, ஏரி எல்லாமே ஏதாவது ஒரு படிவத்தோடு பின் அடிக்கப்பட்டு வந்தவை. கும்பகோணம் வீட்டு பவர் பத்திரத்துக்கு முத்திரை வாங்கப் போனபோது பெர்ன் கரடிகள். டிகிரி சான்றிதழுக்கு நோட்டரி தேடி ஜூரிக் போனபோது ரைன் அருவி. சும்மா சுற்றப் போனால் அது வீண் செலவாம். ஆபீஸ் வேலையாகப் போகிற டிக்கெட்டில் ஓர் ஏரியையும் சேர்த்துவிட்டால் அது லாபக் கணக்கு.

இந்தத் தடவை எங்கள் பையன் வாண்டுவின் முறை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்திய பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான். பிறந்த கையோடு எடுத்த போட்டோவில் அவன் முகம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். அதைக் காட்டித்தான் இத்தனை நாளும் விமானம் ஏறினோம். புதுப்பிக்க அப்பா, அம்மா இரண்டு பேர் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு பெர்னில் இருக்கும் இந்தியத் தூதரகம். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையும் கூட.

நாடு முழுக்க ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் செல்லுகிற ஒருநாள் பாஸ் இங்கே உண்டு. எவ்வளவு முன்னாலேயே வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு. ரங்கமணி எப்பவோ வாங்கி வைத்துவிட்டார். திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் அன்றைக்கு மழை வரவும் யாருக்கும் காய்ச்சல் வரவும் தடை. வாண்டுவுக்கு ஆறு வயது ஆகவில்லை, ரயிலில் இலவசம். அந்த சந்தோஷத்தை அவர் பாசலில் ரயில் ஏறியதிலிருந்து பெர்ன் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கவுன்டரில் பையைத் திறந்து ஒரிஜினல், ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் என்று அடுக்கினார். அந்த அம்மா எதையும் தொடவில்லை. போட்டோவை மட்டும் நகத்தால் தள்ளினார்.

"சைஸ் தப்பு."

பாசல் ஸ்டேஷன் மெஷினில் எடுத்தது. 35க்கு 45 மில்லிமீட்டர், இந்த நாடே அந்த அளவில்தான் முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறது. இவர்கள் கேட்டதோ இரண்டு அங்குலச் சதுரம். பன்னிரண்டரைக்கு ஷட்டர் இறங்கிவிடும்.

ஓடினோம். ஸ்டுடியோக்காரர் பொறுமைசாலி. வாய் மூடியிருக்கணும், காது தெரியணும், பின்னால் வெள்ளை என்று எல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. தெரியாதது அத்தையை. பேரன் பயந்துவிடக் கூடாதே என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அத்தை கண்ணை உருட்டிக் காட்ட, ஒவ்வொரு கிளிக்குக்கும் வாண்டுவின் பல் அத்தனையும் வெளியே. கடைசியில் அத்தையை நடைபாதையில் நிறுத்திக் கதவைச் சாத்தினோம். கண்ணாடி வழியாக ஒரு முறைப்பு. அந்த முறைப்பில் பயல் வாயை மூடினான், போட்டோ விழுந்தது.

திரும்ப வந்தால் கைநாட்டு. பையனுக்கு இடது கட்டைவிரல். கட்டத்துக்குள் ஒன்று போதும் என்று சொல்வதற்குள் மேஜையில் ஒன்று, ரங்கமணியின் சட்டையில் ஒன்று. "ஓட்டுப் போட்ட மாதிரி இருக்குடா" என்றார் அத்தை.

பெர்னிலேயே ஐரோப்பா சதுக்கத்தில் பல மதங்களுக்கும் சேர்த்து ஒரே கட்டடம் இருக்கிறது, அதற்குள் நம் கல்யாண சுப்பிரமணியர் கோயில். அத்தைக்கு அங்கே போக ஆசை. ரங்கமணி கடிகாரத்தைக் காட்டினார், படகு போய்விடுமாம். "முருகனை விட்டுட்டு போட்ல கூட்டிட்டுப் போறான் பாரு" என்ற புலம்பலோடு தூன் ஏரியில் ஏறினோம். கூம்பு வடிவில் நீசன் மலை, கரையோரம் ஓபர்ஹோஃபன் கோட்டை. ஒரு கையில் புளியோதரை, இன்னொரு கையில் அக்னாலெட்ஜ்மென்ட் சீட்டு என்று காற்றோடு போராடிக்கொண்டிருந்த ரங்கமணி எதையுமே பார்க்கவில்லை. பனிமலைகளோ மேகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் இறங்கியதும் தலைக்கு மேல் ஸ்டவ்பாக் அருவி. கிட்டத்தட்ட 300 மீட்டர் செங்குத்தான பாறையிலிருந்து விழுகிறது. பாதி வழியிலேயே காற்று அதைத் தூளாக்கிவிடுகிறது. எல்லாரும் வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க குளிக்கிறது?"

"குளிக்கக் கூடாது அத்தை. பார்க்கத்தான்."

"குளிக்காத அருவி எதுக்கு? குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு நிப்பாங்க."

அருவிக்குப் பின்புறம் பாறையைக் குடைந்து ஒரு வழி உண்டு. புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக மூச்சு வாங்க ஏறினார். சொட்டுகிற இடமாகப் பார்த்துத் தலையை நீட்டி இரண்டு கை ஏந்தித் தெளித்துக்கொண்டார். மிச்சத் தண்ணீரில் முந்தானையை நனைத்து வாண்டுவின் கட்டைவிரலைத் தேய்த்தார். மை போகவில்லை. ஸ்கூலில் காட்டணும் என்று அவன் விரலை மடக்கிக்கொண்டு அழ, போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

திரும்பும் ரயிலில் எல்லாரும் தூக்கத்தில். அத்தை மட்டும் என் கையைத் தட்டினார்.

"ஏம்மா, இனிமே யாருக்குக் காலாவதி ஆகுது?"

"எங்களுக்கெல்லாம் நாள் இருக்கு. உங்க விசாதான் அத்தை, அடுத்த மாசத்தோட 90 நாள் முடியுது."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதை நீட்டிக்கணும்னா எந்த ஊர் ஆபீசுக்குப் போகணும்? அங்கயாவது குளிக்க விடுவானா?"