பெயரை மறந்த சேவையகம்: டெபியன் 12-க்கு மாறிய அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த சேவையகம் ஒன்றை டெபியன் 12-க்கு மேம்படுத்திய இரவில், மென்பொருள் தொகுப்புகள் அனைத்தும் ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் நிறுவப்பட்டன. மறுதொடக்கம் செய்து, ஐபி முகவரி வழியாக, தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச்-இல் நுழைந்தபோது, கட்டளை வரியின் தொடக்கத்தில் நான் வைத்த பெயரைக் காணவில்லை. அந்தச் சேவையகத்தை வாடகைக்கு எடுத்த நாளில் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட பெயர் அங்கே நின்றது. வேறு கணினிக்குள் நுழைந்துவிட்டேனோ என்று முகவரியை இருமுறை சரிபார்த்தேன். கணினி அதேதான்.

அந்தச் சேவையகத்தில் ராபிட்எம்க்யூ செய்திகளை வரிசையில் வைத்திருந்து வழங்கியது. போஸ்ட்ஃபிக்ஸ் அறிவிப்பு மின்னஞ்சல்களை அனுப்பியது. உள் வலைப்பின்னலில் இருக்கும் தரவுத்தளத்தோடு பேசும் செயலி ஒன்றும் அங்கே இயங்கியது. மூன்றும் நின்றிருந்தன. மூன்றுக்கும் பெயர்தான் காரணம் என்று அப்போதே ஊகித்தேன், ஊகம் சரிதான். ஆனால் ஒரு சேவையகம் தன் பெயராக எதை வைத்திருக்கிறது, அந்தப் பெயரைத் தேடினால் அதற்கு எந்த முகவரி கிடைக்கிறது, பிற கணினிகளின் பெயர்களை அது யாரிடம் கேட்டு அறிகிறது என்பவை ஒன்றையொன்று சாராத மூன்று கேள்விகள் என்பதை நான் பிரித்துப் பார்க்காததால், அன்றிரவு முழுவதும் ஒன்றின் அறிகுறிக்கு மற்றொன்றின் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைத் தட்டும்போதெல்லாம், இந்தக் கணினியின் பெயருக்கு முகவரி காண இயலவில்லை, தற்காலிகத் தோல்வி என்ற செய்தி வந்தது. தொகுப்புகளைத் தரவிறக்கி நிறுவும் ஆப்ட் கட்டளையும் தொகுப்புக் களஞ்சியத்தின் பெயருக்குரிய முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் அதே பல்லவியைப் பாடியது. ‘தற்காலிகம்’ என்ற சொல்லை நம்பி, வலைப்பின்னல் சீராகட்டும் என்று சற்று நேரம் காத்திருந்தது என் முதல் பிழை. வெளி முகவரி ஒன்றுக்கு எண் வடிவிலேயே, தொடர்பைச் சோதிக்கும் பிங் அனுப்பிப் பார்த்தபோது பதில் உடனே வந்தது. வலைப்பின்னலில் குறையில்லை, பெயருக்கு முகவரி சொல்ல ஆளில்லை என்பதுதான் நிலைமை.

பெயர்களுக்கு முகவரி சொல்லும் பெயர்ச் சேவையகம் எது என்று குறிக்கும், எட்ஸி அடைவிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறக்க முயன்றபோது அப்படியொரு கோப்பே இல்லை என்று விடை வந்தது. பட்டியலிட்டுப் பார்த்தால் அது ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு; அது சுட்டிய இலக்கு மறைந்துவிட்டிருந்தது. டெபியன் 11-இல் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி தொகுப்புக்குள்ளேயே அடங்கியிருந்தது. நான் அதை இயக்கிப் பயன்படுத்திவந்தேன். டெபியன் 12-இல் அது தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டது. மேம்படுத்தும்போது அது தானாக நிறுவப்படாது. வெளியீட்டுக் குறிப்புகளில் இந்த எச்சரிக்கை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. படிக்காமல் விட்டது நான்தான். கோப்பு இல்லாதபோது, நிரல்களுக்காகப் பெயர் தேடும் ஜிலிப்சி நூலகம் 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது அதே கணினியில், ஒரு பெயர்ச் சேவையகம் இருப்பதாகக் கருதிக் கேட்கிறது. அங்கே பதில் சொல்வார் யாருமில்லாததால் தோல்வி நொடிப்பொழுதில் திரும்பிவருகிறது.

தொகுப்பை நிறுவினால் போதும், ஆனால் நிறுவுவதற்குக் களஞ்சியத்தின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிவதற்குத் தொகுப்பு வேண்டும். ஆகவே சிம்லிங்கை நீக்கிவிட்டு, பொதுப் பெயர்ச் சேவையகம் ஒன்றின் முகவரியை மட்டும் தாங்கிய சாதாரணக் கோப்பை அதே பெயரில் எழுதினேன். அதன்பின் ஆப்ட் வேலை செய்தது. சிஸ்டம்டி-ரிசால்வ்டு தொகுப்பை நிறுவியதும் சிம்லிங்க் மறுபடி உருவாகி, வினவல்கள் 127.0.0.53 என்ற உள் முகவரி வழியாகச் செல்லத் தொடங்கின. எங்கள் உள் பெயர்ச் சேவையகத்தின் முகவரியையும், களப்பெயர் இல்லாத குறும்பெயரின் பின்னால் ஒட்டித் தேட வேண்டிய தேடல் களத்தையும் முன்பே ரிசால்வ்டு அமைப்புகளுக்கான துணை அடைவில் தனிக் கோப்பாக எழுதி வைத்திருந்ததால், அவை சேதமின்றி இருந்தன. செயலி தரவுத்தளத்தைக் கண்டுகொண்டது.

இடையில், பெயர்ச் சேவையகத்தை நேரடியாக வினவும் டிக் கட்டளை என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. தரவுத்தளத்தின் குறும்பெயரைக் கொடுத்தால் அது இல்லை என்றே சொன்னது; செயலியோ அதே பெயரால் இணைந்திருந்தது. தனியே கேட்டாலொழிய டிக் தேடல் களத்தைச் சேர்ப்பதில்லை. பெயர்களையும் முகவரிகளையும் கணினியிலேயே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் அது பார்ப்பதில்லை. கணினியிலுள்ள நிரல்கள் பெயரை எப்படிக் காண்கின்றனவோ அப்படியே காண்பது கெட்எண்ட் கட்டளைதான். அதன் பிறகு டிக்கை பெயர்ச் சேவையகத்தைச் சோதிக்க மட்டுமே பயன்படுத்துகிறேன்.

ராபிட்எம்க்யூ இன்னும் எழவில்லை. கணினி எழுந்தபோது அதன் புதிய பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் இல்லாமல், முகவரி சொல்ல ஆளும் இல்லாததால் அது தன்னைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் நின்றிருந்தது. சூடோவின் புலம்பலுக்கும் அதே காரணம். இங்கேதான் அந்த இரவின் மிக மோசமான முடிவை எடுத்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விசாரிக்காமல், கணினி தன்னையே குறிக்கும் 127.0.1.1 முகவரிக்கான வரியில் அதையே எழுதிச் சேர்த்தேன். ராபிட்எம்க்யூவைத் தொடங்கியதும் அது எழுந்தது. நிம்மதியாக மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால், எங்கள் வரிசைகளும் இல்லை, நாங்கள் உருவாக்கிய பயனர்களும் இல்லை. புதிதாக நிறுவியதுபோல எல்லாம் வெறுமையாக இருந்தது.

செய்திகள் அழிந்துவிட்டன என்றே நம்பினேன். காப்புப் பிரதியைத் தேடப் போகும் முன், ஏதோ தோன்றி அதன் தரவு அடைவுக்குள் எட்டிப் பார்த்தது நல்லதாயிற்று. அங்கே இரண்டு அடைவுகள் இருந்தன: ஒன்று பழைய பெயரில், மற்றொன்று புதிய பெயரில். ராபிட்எம்க்யூ தன் கணுவுக்கு, அதாவது இயங்கும் தன் பிரதிக்கு, ராபிட் என்பதோடு கணினியின் குறும்பெயரைச் சேர்த்துப் பெயரிடுகிறது. தரவையும் அந்தக் கணுப்பெயர் கொண்ட அடைவிலேயே வைக்கிறது. பெயர் மாறினால், அதன் பார்வையில் அது வேறொரு கணு. பழைய தரவுக்கும் தனக்கும் உறவில்லை என்று புதிய அடைவைத் தொடங்கிவிடுகிறது. பழைய அடைவில் அனைத்தும் அப்படியே இருந்தன. புதிய கணுவில் எங்கள் பயனர் கணக்குகள் இல்லாததால் செயலிகளின் உள்நுழைவு மறுக்கப்பட்டு, அதில் எந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை. அந்த மறுப்புப் பிழைகளைப் பார்த்துத்தான் முதலில் பதறினேன். உண்மையில் எங்களைக் காப்பாற்றியவை அவையே.

ராபிட்எம்க்யூவை நிறுத்திவிட்டு, பெயர் ஏன் மாறியது என்பதை அப்போதுதான் ஆராய்ந்தேன். தொடக்கப் பதிவுகளில் கிளவுட்-இனிட் நிரல் பெயரை மாற்றியதற்கான வரி இருந்தது. வாடகைச் சேவையகங்கள் முதல்முறை எழும்போது அவற்றுக்குப் பெயர், கணக்கு, சாவி முதலியவற்றை அமைத்துத் தருவது அந்த நிரல். வழங்குநரின் தரவில் உள்ள பெயரையே அது சரியான பெயராகக் கொள்ளும். பெயரைத் தொடாதே என்று பொருள்படும் வரியை அதன் முதன்மை அமைப்புக் கோப்பில் முன்பு ஆம் என்று மாற்றியிருந்தேன். மேம்படுத்தலின்போது, இந்தக் கோப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், புதிய பதிப்பை நிறுவவா என்று, தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி கேட்டதும், நான் கோப்பின் பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் ஒப்பியதும் அதன் பிறகே நினைவுக்கு வந்தன. அதே கேள்விக்கு அந்த இரவில் பல கோப்புகளுக்கு விடை சொல்லியிருந்தேன், கை பழகிவிட்டிருந்தது.

இம்முறை முதன்மைக் கோப்பைத் தொடவில்லை. ரிசால்வ்டு விஷயத்தில் என்னைக் காத்தது துணை அடைவுக் கோப்புதான் என்பதால், கிளவுட்-இனிட்டின் துணை அடைவிலும் பெயரைப் பாதுகாக்கும் அந்த ஒற்றை வரியைத் தனிக் கோப்பாக எழுதினேன். கணினியின் பெயரை அமைக்கும் ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையால் பழைய பெயரை, அதன் குறும்பெயர் வடிவில், நிலைநிறுத்தினேன். ஹோஸ்ட்ஸ் கோப்பில் நான் அவசரமாகச் சேர்த்ததை நீக்கி, 127.0.1.1 என்பதற்கு எதிரே, களப்பெயரோடு கூடிய முழுப்பெயரை முதலிலும் குறும்பெயரை இரண்டாவதாகவும் எழுதினேன். இந்த வரிசை முக்கியம். கணினியின் முழுப்பெயர் கேட்கப்படும்போது வரியின் முதல் பெயரே விடையாகிறது. ராபிட்எம்க்யூவைத் தொடங்கியதும் வரிசைகள் காத்திருந்த செய்திகளோடு திரும்பி வந்தன.

மின்னஞ்சல் மட்டும் எஞ்சியிருந்தது. பெயர் தேடல் சரியான பின்னும் போஸ்ட்ஃபிக்ஸ் எந்தக் களத்தையும் கண்டுபிடிக்கவில்லை. டெபியன் 12-இல் அதன் அனுப்பும் பகுதி தனக்கென ஒதுக்கிய அடைவுக்குள் அடைபட்டு இயங்குகிறது; ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் நகல் ஒன்று சேவை தொடங்கும்போது அதற்குள் வைக்கப்படுகிறது. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ததும் புதிய நகல் கிடைத்தது. அதற்குப் பின்னும் பெறும் சேவையகம் ஒன்று 450 என்ற பிழை எண்ணோடு, போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்தும் வணக்கப் பெயரை ஏற்க மறுத்தது. முன்பு கணினியின் பெயராகவே முழுப்பெயரை வைத்திருந்தேன். போஸ்ட்ஃபிக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. இப்போது குறும்பெயரை மட்டும் வைத்ததால், அது லோக்கல்டொமைன் என்ற ஒட்டைத் தானே சேர்த்து, உலகில் எங்கும் இல்லாத பெயரால் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. முழுப்பெயரை அதன் அமைப்புக் கோப்பிலேயே வெளிப்படையாக எழுதிய பின் தேங்கிய அஞ்சல்கள் போயின.

மறுநாள் மதியம், எவரும் பயன்படுத்தாத வேளை பார்த்து இன்னொரு முறை மறுதொடக்கம் செய்தேன். பெயர் நின்றது, கெட்எண்ட் கேட்ட பெயர்களுக்கெல்லாம் சரியான முகவரிகளைக் காட்டியது. தவறான பெயரில் உருவாகிய ராபிட்எம்க்யூ அடைவை அன்று நீக்கவில்லை. ஒரு வாரம் வைத்திருந்து, அதில் ஒன்றுமில்லை என்று மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே அழித்தேன்.