உப்புக்குள் இருந்த உயிர்

சிறார் நூல்களுக்காக வரும் கைப்பிரதிகளை முதலில் வாசிப்பது பதிப்பகத்தில் என் வேலை. சேர்ந்த புதிதில், மாயாஜாலக் கதை என்று தெரிந்ததும் இது எங்கிருந்து எடுத்தது என்று தேட ஆரம்பித்துவிடுவேன். கண்டுபிடித்தால் ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதுவேன். ஹாரி பாட்டர், லார்ட் ஆஃப் த ரிங்ஸ், அம்புலிமாமா. மூன்று பெயர் சேர்ந்துவிட்டால் பிரதி திரும்பிப் போய்விடும்.

அப்படித் திரும்பிப் போக இருந்த ஒன்று, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை அனுப்பியது. கோடு போட்ட நீள நோட்டில், நீல மையில், அடித்தல் திருத்தலோடு 140 பக்கம். உப்பளத்து முதலாளி ஒருவன் மந்திரம் கற்றுத் தன் உயிரை எங்கோ ஒளித்துவைக்கிறான். அதைத் தேடி இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். 2005இல் வந்த ஆறாவது ஹாரி பாட்டர் நாவல் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வில்லன் தன் ஆன்மாவைத் துண்டுபோட்டுப் பொருள்களில் பதுக்கிவைத்திருப்பது அதில்தான் தெரியவரும். ‘ஹார்க்ரக்ஸ்’ என்று ஓரத்தில் எழுதி, அழுத்தி அடிக்கோடும் போட்டேன்.

மெய்ப்பு பார்க்கும் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டே அந்த நோட்டைப் புரட்டினார். திருநெல்வேலிக்காரர். நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “தம்பி, ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள்ள அரக்கன் உயிர வச்சிருந்தான்னு எங்க ஆச்சி சொன்னாளே, அப்போ இந்த ஹார்க்ரக்ஸ் எங்க இருந்துச்சு?” என்றார்.

அந்தக் கிளிக் கதையை நானும் சின்ன வயதில் கேட்டவன்தான். ஆனாலும் உயிரை ஒளித்துவைப்பது என்றதும் எனக்கு ஹாரி பாட்டர்தானே முதலில் வந்தது? அது என்னை உறுத்தியது. அதன்பிறகு பல மாதங்கள், வேலை முடிந்த நேரங்களில் அந்தக் கிளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மேரி ஃப்ரெயர் என்ற ஆங்கிலேயப் பெண், ஆயா அன்னா லிபரேட்டா டி சோசா சொல்லக் கேட்டு எழுதிய கதைகள் 1868இல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு மந்திரவாதியின் உயிர் பச்சைக் கிளியில் இருக்கிறது. நடுக்காட்டில் வட்டமாகப் பனைமரங்கள், அதன் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்ணீர் நிரம்பிய ஆறு பானைகள், கடைசிப் பானைக்கு அடியில் கூண்டு. கிளியின் இறக்கையைப் பிய்த்தால் மந்திரவாதியின் கை கழன்று விழுகிறது. ருஷ்யக் கதையில் கோஷ்செய் என்ற வில்லனின் சாவு ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். எகிப்தில் இன்னும் பழையது. தம்பிக்காரன் ஒருவன் தன் இதயத்தை எடுத்து ஒரு மரத்தின் பூமேல் வைக்கிறான். மரத்தை வெட்டியதும் விழுந்து சாகிறான். ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த பாப்பிரஸ் சுருள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இத்தனை பேர் கைமாறி வந்த ஒன்றுக்கு நான் ஒரே ஒரு பெயரை எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

அப்புறம் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீனிடம் போனேன். பின்னால் வந்த எல்லாரும் அவரிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று நம்பியிருந்தவன் நான். அவரோ ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். 1937இல் வந்த ‘ஹாபிட்’ நாவலின் குள்ளர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கொடுத்தது வோலுஸ்பா என்ற, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிப் பாட்டு. தோரின், துவாலின், ஃபிலி, கிலி, போம்புர் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். காந்தால்ஃப் என்பதும் அந்தப் பட்டியலில் உள்ள குள்ளன் பெயர்தான். முதல் வரைவுகளில் டோல்கீனும் குள்ளர் தலைவனுக்கே அதை வைத்திருந்தார். பிறகுதான் அது மந்திரவாதிக்குப் போனது. டிராகனின் புதையலிலிருந்து கிண்ணம் திருடி அதன் கோபத்தைக் கிளப்பும் இடம், அவர் 1936இல் புகழ்பெற்ற உரை நிகழ்த்திய ‘பேயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்திலேயே இருக்கிறது.

ஆனால் பேயோவுல்ஃபில் தேடினாலும் கிடைக்காத ஒன்று உண்டு. டிராகனைப் பார்க்கப் புறப்பட்ட ‘ஹாபிட்’ நாயகன் பில்போ, அவசரத்தில் கைக்குட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததற்காகக் கவலைப்படுகிறான். அந்தக் கைக்குட்டை டோல்கீனுடையது. ஒரு பிரதியைக் கையில் எடுத்ததும் இப்போது நான் தேடுவது அப்படி ஒரு கைக்குட்டையைத்தான்.

இதனால் எல்லாமே சரி என்று நான் ஆகிவிடவில்லை. மந்திரம் கற்றுத்தரும் பள்ளிக்கூடத்தை உர்சுலா லெ குவின் 1968இலேயே எழுதிவிட்டார், ஹாரி பாட்டருக்கு 29 ஆண்டுகள் முன்னால். அதனால் பள்ளிக்கூடம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் எனக்கு வந்த ஒரு பிரதியில் கொடைக்கானலில் பள்ளி, அனாதைப் பையன், நெற்றியில் தழும்பு, ஆந்தை கொண்டுவரும் கடிதம், பேசும் தொப்பி என்று அதே வரிசையில் வந்தது. அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் திருப்பினேன். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். நாடகத்தைத் திருடிப் படம் எடுத்துவிட்டார்கள் என்பது வழக்கு. கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை எப்படிச் சொல்லியிருக்கிறோம் என்பதற்குத்தான் உண்டு என்றது தீர்ப்பு. படித்தபோது, நான் இத்தனை நாள் தப்பான இடத்தில் பென்சில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

நல்லவேளை, நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருந்தது. இந்த முறை முழுதாக வாசித்தேன்.

முதலாளி தன் உயிரை ஒரு உப்புக்கல்லில் வைத்திருக்கிறான். அந்தக் கல்லை அம்பாரத்துக்குள் போட்டுவிட்டான். ஆள் உயரத்துக்கு மேல் குவிந்த வெள்ளை உப்பில் ஒரு கல்லை எங்கே தேடுவது? பையன் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்க்கிறான், விரல் வெடிப்பில் உப்பு ஏறி எரிகிறது. கூட வந்த பெண்ணின் அம்மா பாத்தியில் உப்பு வாருகிறவள். அந்தப் பெண் தேடவில்லை. அம்பாரத்தை மூடியிருக்கும் பனையோலையை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்கிறாள். ஐப்பசி பிறந்திருக்கிறது, கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஓலையைத் திரும்பப் போட முதலாளி ஓடி வருகிறான். முதல் தூறல் விழுகிறது.

இதை எகிப்திலிருந்தோ ஹாரி பாட்டர் எழுதப்பட்ட ஸ்காட்லாந்திலிருந்தோ யாரும் எழுதியிருக்க முடியாது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்று, வீட்டில் அடுப்பும் நின்றதைப் பார்த்தவர்தான் எழுத முடியும். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தேன். எழுத்து போனது, அடிக்கோட்டின் பள்ளம் போகவில்லை. அச்சுக்குப் போனபோதும் அந்தப் பக்கத்தைத் தடவினால் விரலில் பட்டது.

ஆசிரியைக்குப் போன் செய்தேன். கதை எங்களுக்கு வேண்டும் என்றேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: மூன்றாவது அத்தியாயத்தில் பிள்ளைகளுக்குச் சேதி கொண்டுவருவது ஏன் ஆந்தை?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஆமா சார், அது அந்தப் புஸ்தகத்துல இருந்து வந்ததுதான்” என்றார். அப்புறம், “அளத்துக்கு எங்களுக்குப் பூநாரைதான் சார் வரும். ஆனா அது சேதி எல்லாம் கொண்டு வராது. தண்ணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கும். அது எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்த்து பிள்ளைங்களே புரிஞ்சுக்கிடட்டும், எழுதிடவா?” என்றார்.