ஃபீடை நிறுத்தியாச்சு, சரி. மறுபடி எப்போ?

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் என்று எந்த ஊர் ஐசியூ வாசலிலும் காதில் விழும் கேள்வி: "ஏனுங்க சிஸ்டர், அப்பாரு வயித்துக்கு ஒண்ணுமே குடுக்கலீங்களா?" குளுக்கோஸ் ஏறுகிறதே என்பது அதற்குப் பதில் ஆகாது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூடத் தேறாது.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்துவிட்டால், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) ஃபீட், அதாவது திரவ உணவு, தொடங்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் இரண்டுமே இதைத்தான் சொல்கின்றன. வயிற்றில் ஸ்டெத் வைத்துக் குடல் சத்தம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பொறுக்க வேண்டியது நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து) டோஸ் ஏறிக்கொண்டே போகும் ஷாக் (ரத்த அழுத்தம் சரிந்த நிலை), குடல் அடைப்பு, நிற்காத வயிற்று ரத்தக்கசிவு போன்றவற்றில். 2018இல் வந்த நியூட்ரிரியா-2 ஆய்வில், ஷாக்கில் இருந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே முழு அளவைக் குழாயில் கொடுத்தபோது, ரத்தக்குழாய் வழி ஊட்டம் பெற்றவர்களைவிடக் குடலுக்கு ரத்தம் போகாத சிக்கல் அதிகம் வந்தது. நார்அட்ரினலின் குறைந்த டோஸில் நிலையாக ஓடினால் மணிக்கு 10–20 மில்லியில் தொடங்கிப் பார்க்கலாம்.

குழாயின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழி என்று அளக்க வேண்டும். போட்டதும் சிரிஞ்சில் காற்றைத் தள்ளி 'புஸ்' என்று கேட்டால் போதும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். எக்ஸ்ரேயில் நுனி உதரவிதானத்துக்குக் கீழே தெரிந்த பிறகுதான் முதல் மில்லி. மூக்கருகே மார்க்கரில் கோடு போட்டு, ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி கணக்கு. 60 கிலோ ஆள், கிலோவுக்கு 25 கலோரி என்றால் ஒரு நாளைக்கு 1500. மில்லிக்கு ஒரு கலோரி உள்ள ஃபீடில் 1500 மில்லி, மணிக்கு 63 மில்லி. முதல் நாளே இதை எட்டக் கூடாது. தொடக்க நாட்களில் 70 சதவீதத்துக்குள், அதாவது ஆயிரம் சொச்சத்தில் நிறுத்தி, மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏற்றினால் போதும். புரதம் கிலோவுக்கு 1.3 கிராம் வீதம் 78 கிராம். லிட்டருக்கு 40 கிராம் புரதம் உள்ள ஃபீடில் 60 கிராம்தான் போகும். மீதி 18 கிராமைப் புரதப் பவுடரில்தான் சேர்க்க வேண்டும். மயக்க மருந்தான புரோபோஃபால் ஓடுகிறதா? அதில் மில்லிக்கு 1.1 கலோரி கொழுப்பு இருக்கிறது. மணிக்கு 10 மில்லி என்றால் 264 கலோரி, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் நோயாளி பட்டினி கிடப்பது, நிறுத்தி வைக்கும் மணி நேரங்களால். சிடி ஸ்கேனுக்கு நிறுத்துவார்கள், படுக்கை மாற்ற நிறுத்துவார்கள், மூச்சுக் குழாயில் போட்ட டியூபை எடுக்கலாமா என்று காலையிலிருந்தே நிறுத்தி வைப்பார்கள். திரும்பத் தொடங்க யாருக்கும் நினைவிருக்காது. சார்ட்டில் நிறுத்திய நேரம் இருக்கும், தொடங்கும் நேரம் இருக்காது. எங்கள் வாதம் இதுதான்: மறுபடி தொடங்கும் நேரத்தை எழுதாத 'ஹோல்ட்' ஆர்டரை ஏற்கவே கூடாது. கூடவே, மணிக்கு இத்தனை என்று எழுதாமல் நாளைக்கு இத்தனை என்று எழுதுங்கள். காலை 8 மணிக்குக் கணக்கு தொடங்கி, மாலை 6 மணிக்கு 300 மில்லிதான் போயிருக்கிறது என்றால், மீதி 1200ஐ 14 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 86. மருத்துவர் வரம்பு போட்டுத் தந்தால் சிஸ்டரே பம்பின் வேகத்தை மாற்றிவிடலாம்.

அடுத்த சாக்கு, வயிற்றில் தேங்கியது. குழாயில் சிரிஞ்ச் வைத்து இழுத்துப் பார்த்து 200 மில்லி வந்தாலே நிறுத்துவது தேவையற்ற பயம். 6 மணி நேரத்தில் 500 தாண்டினால்தான் ஃபீடைத் தள்ளிவைத்து வயிற்றை நகரவைக்கும் மெட்டோகுளோப்ரமைடோ எரித்ரோமைசினோ யோசிக்க வேண்டும். தலைமாடு 30–45 டிகிரி உயர்ந்திருப்பது இதைவிட முக்கியம். பூச்சிமருந்து விஷத்துக்கு முறிவாக அட்ரோபின் ஓடும்போது குடல் மந்தமாகும். அப்போது வயிறு உப்புகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். பேதி வந்தாலும் ஃபீடை நிறுத்தாமல், பாரசிட்டமால் சிரப்பில் சார்பிட்டால் (பேதியைத் தூண்டும் இனிப்பு) இருக்கிறதா, ஆன்டிபயாடிக் காரணமா என்று முதலில் தேடுங்கள்.

பல நாள் சாப்பிடாமல், குடியோடு வந்தவர்களிடம் அவசரம் ஆகாது. முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு ஃபீட். ஃபீட் தொடங்கிய பிறகு ரத்தத்தில் பாஸ்பேட் 2 mg/dLக்குக் கீழே விழுந்தால் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டே, ஃபீடை 48 மணி நேரம் குறைத்து ஓட்ட வேண்டும்.

குழாய் அடைப்பது பெரும்பாலும் மாத்திரையால். ஒவ்வொன்றாகப் பொடித்து, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். அடைத்துவிட்டால் 50 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் குழாய் கிழியும்.

வீட்டிலிருந்து தூக்குப்போசியில் வரும் கஞ்சியில் 20 கிராம் அரிசி இருந்தால் 70 கலோரி, ஒன்றரைக் கிராம் புரதம். அப்படி ஆறு வேளை ஊற்றினாலும் ஒன்பது கிராம். பொள்ளாச்சி இளநீருக்கு வேறு கவலை: அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் குறைந்துபோன நோயாளிக்கு அதை ஊற்றும் முன், அன்றைய பொட்டாசியம் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.