துடுப்புக்கால்களை எண்ணுகிறேன்

மார்ச் 4
ஆல்கஹாலில் பதப்படுத்திய ரெமிபீடியா ஒன்று இன்று என் நுண்ணோக்கிக்கு வந்தது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாகக் கணுக்கள், ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஒரு ஜோடி துடுப்புக்கால். சட்டென்று பார்த்தால் பூரான்தான். ஆனால் இது ஓட்டுடலி, இறால் நண்டுக்குச் சொந்தம். உயிரோடு இருக்கையில் மல்லாந்தே நீந்துமாம். அதைப் பார்க்க எவ்வளவு ஆசை!

மார்ச் 5
இது வாழ்வது கடலோரக் குகைகளின் இருட்டில். மேலே நன்னீர், அடியில் உப்புநீர். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் தண்ணீர் கலங்கி நெளியும். அதற்கும் கீழே, ஆக்சிஜன் குறைந்த நீரில்தான் இவற்றின் குடியிருப்பு. 1979இல் உயிரியலாளர் ஜில் யேகர் பஹாமாஸின் லூகாயன் குகையில் மூழ்கியபோது இவற்றைக் கண்டெடுத்தார். 1981இல் அவர் விவரித்தபோது சிற்றினம், பேரினம் மட்டுமல்ல, வகுப்பே புதிதாக வேண்டியிருந்தது.

மார்ச் 9
கணுக்களை எண்ணினேன், 24. மறுபடி எண்ணினால் 25. கடைசிக் கணு அவ்வளவு சிறியது. அப்புறம்தான் உறைத்தது: வளர வளரக் கணுக்கள் கூடும், எண்ணிக்கையை மட்டும் நம்பிச் சிற்றினம் சொல்ல முடியாது. வாயருகே இரை பிடிக்கும் கால்களின் நகத்தைத்தான் பார்க்க வேண்டும். நகத்தின் வளைவு, அதிலுள்ள நுண்பற்கள். நாள் முழுக்க ஒரே நகத்தை வரைந்தேன்.

மார்ச் 14
என் படத்தின் மேல் ‘ஆதி ஓட்டுடலி’ என்று எழுதியிருந்ததை இன்று அடித்துவிட்டேன். ஒரே மாதிரிக் கணுக்களை வைத்துத்தான் இதை ஆதி வடிவம் என்றார்கள். 2004இல் மூளையை ஆராய்ந்தபோது, நண்டு, பூச்சிகளின் மூளையோடு ஒப்பிடும் அளவுக்கு நுட்பமான அமைப்பு தெரிந்தது. மரபணு ஒப்பீடுகளும் இதைப் பூச்சிகளுக்கு மிக நெருங்கிய உறவாகக் காட்டுகின்றன. மெக்சிகோவின் யூகட்டான் குகைகளில் வாழும் ஓர் இனத்துக்கு நஞ்சு உண்டு என்று 2013இல் தெரியவந்தது. ஓட்டுடலிகளில் அதுவரை யாரும் நஞ்சைக் கண்டதில்லை. உருவம் எளிமையாக இருந்தால் உயிரும் பழசு என்று நினைப்பது சரியில்லை.

மார்ச் 16
இடது நகத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. நான் வரைந்தது அதைத்தான். நாளை வலதை வரைய வேண்டும்.