டோபமினை விட்ட கதை

நான் ஐசியுவில் சேர்ந்த புதிதில், ஷாக், அதாவது பிபி விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை என்றாலே, கை தானாக பிபியை ஏற்றும் டோபமின் மருந்துக்குத்தான் போகும். சீனியர் போட்டார், நானும் போட்டேன், அவ்வளவுதான் காரணம். குறைந்த டோஸில் கொடுத்தால் கிட்னியைக் காப்பாற்றும் என்று வேறு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையில் நாலு சொட்டு கூடுதலாக விழுந்தால் எங்களுக்கும் திருப்தி. அப்படியெல்லாம் காப்பாற்றாது என்று 328 பேரை வைத்துச் செய்த ஆஸ்திரேலிய-நியூசிலாந்து ஆய்வு 2000-லேயே சொல்லிவிட்டது. எங்கள் வார்டுக்கு அந்தச் சேதி வந்து சேரத்தான் தாமதம்.

என்னை மாற்றியது ஒரு நைட் டியூட்டி. நிமோனியா முற்றி, கிருமித் தொற்றால் வரும் செப்டிக் ஷாக்கில் வந்த ஓர் அம்மா, சலைன் ஏற்றியும் சராசரி பிபி 50-ஐத் தாண்டவில்லை. டோபமின் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போனேன். எங்கள் இலக்கான 65 வந்தது. சார்ட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன், பக்கத்திலேயே நாடி 110-லிருந்து 145-க்கு ஏறியிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. அரை மணி நேரத்தில் மானிட்டரில் தாளம் தப்பியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. நான் பேனாவால் எழுதிய 65-ன் மை காய்வதற்குள் பிபி 52. இப்போது மருந்தைக் கூட்டினால் இதயம் இன்னும் ஓடும், குறைத்தால் பிபி விழும். பிபியை ஏற்றும் இன்னொரு மருந்தான நார்அட்ரினலினை இன்னொரு பம்பில் போட்டு மெல்ல ஏற்றி, டோபமினைத் துளித்துளியாக இறக்கி முடிக்கும்போது விடிந்துவிட்டது. அவர் பிழைத்தார். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, ஆன்டிபயாடிக் நேரத்துக்குப் போயிருந்தது.

ஷாக்கில் டோபமினையும் நார்அட்ரினலினையும் ஒப்பிட்டு 2010-ல் வந்த சோப்-2 ஆய்வை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். 1679 நோயாளிகள். 28 நாளில் இறந்தவர்கள் டோபமினில் 52.5 சதவீதம், நார்அட்ரினலினில் 48.5, புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. இதை மட்டும் பார்த்து ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் தாளம் தப்பியது டோபமினில் 24.1 சதவீதம், மற்றதில் 12.4. ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதயமே பழுதாகி ஷாக் வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது டோபமினில் இறப்பும் கூடுதல். அந்த இரவை யாரோ எண்ணிக்கையில் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

இதே வேலைக்குப் போடும் அட்ரினலினுக்கு வேறு குணம். பிபியைத் தூக்கும், கூடவே ஷாக் முற்றினால் ரத்தத்தில் கூடும் லாக்டேட்டையும் ஏற்றிவிடும், அப்புறம் நோய் முற்றுகிறதா மருந்து செய்கிற வேலையா என்று குழம்ப வேண்டியதுதான். ரத்தக்குழாயை இறுக்கி பிபியை ஏற்றும் வாசோபிரசின் இதயத்தை விரட்டாது என்பதால் எனக்குப் பிடிக்கும், நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராமைத் தாண்டினால் வாசோபிரசினை நிமிடத்துக்கு 0.03 யூனிட்டில் சேர்த்துவிடுவேன். ஆனால் அது விரல் நுனிக்குப் போகும் ரத்தக்குழாயையும் இறுக்கும், கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது நைட்டில் ஜூனியர் போன் செய்து “சார், பிபி 65 வந்துடுச்சு” என்பார். “சரி, நாடி எவ்வளவு? விரல் சில்லென்று இருக்கிறதா? கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு?” என்று கேட்பேன். மறுமுனையில் கொஞ்சம் மௌனம், அப்புறம் படுக்கையை நோக்கி நடக்கிற செருப்புச் சத்தம்.